கூட்டம் தாங்கல

"என்ன காயிலக்கா, கூட்டம் தாங்கலையாமே! உள்ள வரலாமா, இல்ல நாங்களும் வரிசையில நிக்கணுமா?"

படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று கேட்டவர் சைக்கிள் கடைக்காரர்; கடைத்தெருச் சங்கத்தின் தலைவர். அவருக்குப் பின்னால் பூட்டுக் கடைக்காரரும் செருப்புத் தைப்பவரும் நின்றனர். மூவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லை.

அவள் கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைக்கவில்லை. சுற்றின் நடுவே கை நின்றால் கம்பி தளரும். தளர்ந்தால் காயில் கெடும். காயில் கெட்டால் விசிறி சுடும். சுற்றி முடித்து, நுனியை நூலால் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மின்விசிறியோ, மிக்சியோ, தண்ணீர் மோட்டாரோ, எது எரிந்து போனாலும் அதன் கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுக்கம்பி சுற்றி உயிர் கொடுப்பது அவள் தொழில். அதனால் அவளினும் மூத்தவர்களுக்குக்கூட அவள் காயிலக்காதான்.

"எந்தக் கூட்டம் தலைவரே? காலையிலேருந்து நீங்க மூணு பேருதான் வந்திருக்கீங்க. அதுவும் கையை வீசிக்கிட்டு."

"அப்போ இது யாரு? உன் அக்காவா, தங்கச்சியா?"

தலைவர் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு குடும்பம் பழைய மேசைவிசிறியைக் கொடுத்துவிட்டுப் புதிய விசிறியின் முன் முடி பறக்க நின்றது. இசை எழுந்தது. அடுத்து அவள் முகம் வந்தது. அவளுடைய மேசை, அவளுடைய வார்னிஷ் டப்பா, நெற்றியில் அவளுடைய கரிக்கோடு. வாய் திறந்து அவளே பேசினாள்:

"புதுத் திட்டம் வந்ததிலேருந்து நம்ம கடை ரொம்ப நல்லாருக்குங்க. கூட்டம் தாங்கல!"

ஓர் ஆணின் சிரிப்பு வெடிக்கத் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே அறுந்தது. பிறகு பெரிய எழுத்துகள்: 'பழையதைக் கொடு, புதியதை எடு! நாடும் வளரும், நீயும் வளர்வாய்!' கீழே சிறிய எழுத்தில்: 'சிக்கன, நுகர்வு வளர்ச்சித் துறை.'

அவள் விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"தலைவரே, இது பாதிதான். மீதி எங்கே?"

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார் பூட்டுக் கடைக்காரர். "மீதியை எவ்வளவுக்குக் கொடுத்தே?"

மீதி இதுதான். ஒரு மதியம். கடையில் ஆள் இல்லை. அடுத்த கடையிலிருந்து அவள் கூடப்பிறந்த அண்ணன் மட்டும் வந்து முக்காலியில் அமர்ந்திருந்தார். சிக்கிக்கொண்ட விசிறியை எப்படிக் கழற்றித் துடைப்பது, இஸ்திரிப் பெட்டியின் சூட்டை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் அவள் அவ்வப்போது கைப்பேசியில் படம் பிடித்துக் காணொளித் தளத்தில் போடுவதுண்டு. தெருக்காரர்களும் சில வாடிக்கையாளர்களும் பார்ப்பார்கள். அன்று சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும் இருந்தது. வார்னிஷ் டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பேசினாள். புதுத் திட்டம் வந்ததிலிருந்து கடை ரொம்ப நன்றாக இருக்கிறது, கூட்டம் தாங்கவில்லை என்றாள். அண்ணன் அடக்கமாட்டாமல் சிரித்தார். அவள் கைப்பேசியைத் திருப்பி, மேசைமேல் உட்கார்ந்திருந்த ஈக்களைக் காட்டினாள். "அதோ பாருங்க, எப்படி வரிசையில நிக்குதுன்னு! நாள் முழுக்க ஈ ஓட்டி ஓட்டிக் கையே வலிக்குது" என்றாள். அண்ணன் முக்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். அதையும் தளத்தில் போட்டுவைத்தாள்.

'நன்றாக இருக்கிறது' என்பதற்குத் தமிழன் வாயில் பொருள் இரண்டு. மெய்யாகவே நன்றாக இருந்தால் ஒரு நன்றாக இருக்கிறது. நாசமாய்ப் போனால் ஒரு நன்றாக இருக்கிறது. எது எது என்று காது அறியும், முகம் அறியும், அடுத்துவரும் சொல் அறியும். அந்த அடுத்த சொல்லை அறுத்துவிட்டால்? ஆட்டைக் கத்திக்கு அழைத்துப் போகையில் தழை காட்டுவது பழைய வழக்கம். அந்த ஆட்டையே மேடையேற்றி, தழை சுவையாக இருந்தது என்று சொல்லவைப்பது புது நாகரிகம்.

"நான் ஒரு பைசாவுக்கும் கொடுக்கலை தலைவரே. சத்தியமா எனக்குத் தெரியாது."

தலைவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நம்பினார் போலும்; குரல் இறங்கியது.

"நீ கொடுத்தியோ, அவனுங்க எடுத்தானுங்களோ, சங்கத்துக்கு ஒண்ணுதான். வர்ற வாரம் அந்தத் துறை ஆணையர் முன்னாடி விசாரணை. நம்ம மனு என்ன சொல்லுது? இந்தத் திட்டத்தால தெருவே படுத்துருச்சு, ரிப்பேர் பண்ணக்கூடிய பொருளையாவது உடைக்காம எங்க கைக்கு அனுப்புங்கன்னு கேக்குது. அவர் இதைப் போட்டுக் காட்டி, 'உங்க தெரு அம்மாவே கூட்டம் தாங்கலைங்கிறாங்களே'ன்னு கேட்டா, நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? அதுக்குள்ள இதை எடுக்க வை. இல்ல, மீதியைக் கொண்டு வா."

மூவரும் போனார்கள். செருப்புத் தைப்பவர் மட்டும் திரும்பி, "சொந்தச் செலவில சூனியம்னு கேள்விப்பட்டிருக்கேன் அக்கா, இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டம் எளிமையானது. பழைய பொருளைக் கிடங்கில் கொடுத்தால் புதிய பொருளுக்குத் தள்ளுபடி. கொடுத்த பொருள் மறுபடி சந்தைக்கு வந்துவிடக் கூடாதல்லவா? ஆகவே கொடுத்தவர் கண்முன்னே அதைச் சம்மட்டியால் உடைப்பார்கள். அச்சைத் தாங்கும் ஒரு புஷ் மாற்றினால் இன்னும் பல கோடைகளுக்குச் சுற்றக்கூடிய விசிறிகள் அங்கே மண்டை பிளந்து கிடந்தன. அதே துறைதான், அதே ஆண்டில், 'பழுதுபார்ப்போர் நாட்டின் முதுகெலும்பு' என்று சுவரெல்லாம் எழுதியது. பிள்ளையைக் கிள்ளுவதும் தொட்டிலை ஆட்டுவதும் ஒரே ஆள் செய்தால் அதற்குச் சூது என்று பெயர் வைக்கலாம். கிள்ளிய கையைத் தாலாட்டும் வாய் மெய்யாகவே அறியாதிருந்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தக் கேள்விக்கு விடை தேட அவள் தொலைவு போகவேண்டியதில்லை. அடுத்த கடையிலேயே ஒருவர் இருந்தார்.

அண்ணனுடையது உதிரிபாகக் கடை. கெப்பாசிட்டர், பேரிங், புஷ், ஒயர். ரிப்பேர்காரர்கள் வாங்கினால்தான் அவருக்கு விற்பனை. ரிப்பேர்காரர்கள் ஈ ஓட்டினால் அவர் கொசு ஓட்டவேண்டியதுதான். ஆயினும் திட்டம் அறிவித்த நாளிலிருந்து அதற்கு அவரைப்போல் வழக்குரைத்தவர் ஒருவரும் இல்லை. தொலைக்காட்சி விவாதங்களைக் கடைசி வரி வரை கேட்டு, மறுநாள் தெருவுக்கே ஒப்பிப்பார். தெரு அவருக்கு வைத்த பெயர் 'பொருளாதாரம்.' 'பொருளாதாரம் கடை திறந்துட்டாரா?' 'பொருளாதாரம் படுத்துத் தூங்குது' என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் சங்க மனுவில் கையெழுத்தும் போட்டிருந்தார். திட்டத்தைப் புகழ்ந்துகொண்டும் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவள் போய் நின்றபோது அவர் விளம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா, நம்ம வீட்டுப் பொண்ணை ஊரே பாக்குது!"

"அண்ணே, நான் நக்கலா சொன்னதுண்ணே அது. நீதானே பக்கத்துல இருந்தே."

"நக்கலோ நெசமோ, ஒரு திட்டத்துக்கு நல்ல பேரு வந்தா நல்லதுதானே. வாங்குறவன் கையில புதுப் பொருள், விக்கிறவன் கையில காசு, அது சுத்திச் சுத்தி நம்மகிட்டத்தானே வரணும்."

"எப்போ வரும்?"

"வரும். முதல்ல கொஞ்சம் வலிக்கும்."

உள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது: "கடையில போணி இல்ல, வாயில மட்டும் வளர்ச்சி! வலிக்குதுன்னு தெரியுதுல்ல, அப்புறம் என்ன?"

அண்ணன் கேட்காதவர்போல் கைப்பேசியின் ஒலியைக் கூட்டினார்.

அவள் கடைக்குத் திரும்பினாள். உடம்பெல்லாம் எரிந்தது. காணொளித் தளத்தைத் திறந்தாள். அவளுடைய பக்கத்தில் அந்தப் பதிவு அப்படியே இருந்தது, ஈக்களும் சிரிப்புமாக. அதை இன்னொரு முறை பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. தலைவர் மீதியைக் கேட்டது அந்த எரிச்சலில் மறந்தே போயிற்று.

இங்கேதான் அவள் தொழில் அவளை ஏமாற்றியது. எங்கேனும் ஒயர் பற்றி எரிந்தால் காயிலக்கா முதலில் செய்வது என்ன? மெயினை அணைப்பாள். மூலத்தில் மின்சாரம் போனால் கிளை எல்லாம் தானே செத்துவிடும். பிறகு நிதானமாக எந்த ஒயர் என்று தேடலாம். வாழ்நாள் முழுதும் அவள் கையைக் காத்த விதி அது. மூலம் தன்னுடைய பதிவு, அதிலிருந்து இழுத்த கிளைதான் விளம்பரம் என்று அவள் கணித்தாள். பதிவை அழித்தாள். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று தளம் கேட்டது. "ஆமா, நிரந்தரமா" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினாள். ஒயரில் எங்கேனும் மிச்ச மின்சாரம் ஒளிந்திருக்கக் கூடாதே என்று, கைப்பேசியில் இருந்த மூலப் படத்தையும் தேடி அழித்தாள்.

பிறகு விளம்பரத்தைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்து சொன்னது: "கூட்டம் தாங்கல!"

அது கிளை அன்று, இன்னொரு மெயின். உலகத்தில் ஈ இருந்த படம் அந்த ஒன்றுதான். அதை அவள் தன் கையாலேயே அணைத்துவிட்டாள்.

தளத்துக்குப் புகார் எழுதினாள். மறுமொழி மின்னலாக வந்தது. 'வணக்கம்! உங்கள் உணர்வுகள் எங்களுக்கு மிக முக்கியமானவை. நீங்கள் பொதுவில் பகிர்ந்தபோது, பிறர் எடுத்தாளச் சம்மதம் அளித்துள்ளீர்கள்.' சம்மதம் எப்போது அளித்தாள்? கணக்குத் தொடங்கிய அன்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். அந்தக் கட்டத்தை அடிக்காமல் கதவு திறக்காது. வீட்டுக்குள் வரவேண்டுமானால் வீட்டை எழுதிக் கொடு என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்க அங்கே மனிதர் எவரும் இல்லை. மறுபடி எழுதினாள், அதே வணக்கம், அதே உணர்வுகள்.

சரி, வாயால் வந்த வினையை வாயாலேயே தீர்ப்போம் என்று எண்ணினாள். அதே மேசை, அதே டப்பா, அதே கரிக்கோட்டு நெற்றி. "எல்லாருக்கும் வணக்கங்க. விளம்பரத்துல வர்றது நான்தான். ஆனா அது வெட்டி எடுத்தது. கடை நல்லா இல்லைங்க. கூட்டம் இல்லைங்க. ஈதான் ஓட்டுறேன்" என்று நிறுத்தி நிதானமாகப் பேசி, நடுவில் விளம்பரத்தையும் ஓட்டிக் காட்டிப் பதிவேற்றினாள். தேநீர் ஆறுவதற்குள் அது காணாமற் போயிற்று. இடத்தில் ஓர் அறிவிப்பு நின்றது: 'இந்தப் பதிவில் உள்ள முகமும் குரலும் பிறர் உரிமைபெற்ற படைப்புடன் ஒத்துள்ளதால் நீக்கப்பட்டது. உரிமையாளர்: சிக்கன, நுகர்வு வளர்ச்சித் துறை. உரிமையாளரின் அனுமதியுடன் நீங்கள் மீண்டும் பதிவிடலாம்.'

அவள் அதைப் பலமுறை படித்தாள். பிறகு சுவரில் தொங்கிய சிறு கண்ணாடியில் முகம் பார்த்தாள். அனுமதி இல்லாமல் பார்த்துவிட்டோமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் தன் முகத்துக்கு அனுமதி கேட்கத் துறை அலுவலகத்துக்குப் போனாள்.

விளம்பரப் பிரிவின் அலுவலர் ஒரு பெண்மணி. அவர் அறைச் சுவரில் இரண்டு சுவரொட்டிகள் அருகருகே ஒட்டியிருந்தன. ஒன்று: 'பழுதுபார்ப்போம், பாதுகாப்போம்.' மற்றது: 'பழையதைக் கொடு, புதியதை எடு.' இரண்டிலும் ஒரே குழந்தை சிரித்தது. மேசையில் திட்டத்தில் வாங்கிய புதிய விசிறி ஒன்று கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.

"அட, நீங்களா! உட்காருங்கம்மா. எங்க பிரிவிலயே எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சுப் போச்சு. அவ்வளவு இயல்பா பேசுறீங்க!"

"மேடம், அது இயல்பா பேசினது இல்ல. நக்கலாப் பேசினது. அதுக்கு அடுத்தாப்புல 'ஈ ஓட்டுறேன்'னு சொல்லியிருந்தேன். அதை வெட்டிட்டீங்க."

அலுவலர் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். "வெட்டினது நாங்க இல்லம்மா, படம் பண்ணிக் கொடுத்த கம்பெனி. அவங்களும் கையால வெட்டலை. தேடி எடுக்கிற வேலையை மெஷின் பண்ணுது. இதோ, உங்க படத்துக்கு அது எழுதிவெச்ச குறிப்பு இருக்கு. 'பெண் தொழில்முனைவோர், மகிழ்ச்சி, நிறைவு. பிற்பகுதி: கடையில் பூச்சிகளை விரட்டுதல், சுகாதாரம், தேவையில்லை.'"

அவள் அந்தக் குறிப்பை எட்டிப் பார்த்தாள். ஈ ஓட்டுகிறேன் என்றால் ஈ ஓட்டுகிறேன் என்றே எடுத்துக்கொண்ட ஒரு வாசகனை வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்திக்கிறாள்.

விசிறி கடகடத்தது. அவள் பேச வாயெடுத்த போதெல்லாம் அது குறுக்கே பேசியது. பழக்க தோஷம், கை தானாக நீண்டு, அதை அணைத்து, முன்வலையைக் கழற்றி, தளர்ந்திருந்த இறக்கையின் திருகை விரலால் முறுக்கி, மறுபடி மாட்டியது. அறை அமைதியாயிற்று.

"அய்யோ, ரொம்ப நன்றிம்மா! வாங்கினதிலேருந்து இதே ரோதனை. ஏம்மா, எங்க வீட்டுல அப்பா காலத்து விசிறி ஒண்ணு காயில் போய்க் கிடக்கு. உங்ககிட்ட கொண்டு வரட்டுமா?"

"கிடங்குல கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாமே மேடம்?"

"சேச்சே, அதையா? அது நல்ல விசிறிம்மா! உடைக்க மனசு வருமா?" என்றார் அலுவலர், சற்றும் முகம் மாறாமல்.

அவள் இரண்டு சுவரொட்டிகளையும் பார்த்தாள். அலுவலர் அவள் பார்வையைத் தொடர்ந்து தாமும் பார்த்தார். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல் திரும்பிக்கொண்டார். "அது சிக்கனப் பிரிவு. இது வளர்ச்சிப் பிரிவு. வேற வேற மாடி" என்றார்.

"எனக்கு ஒரே வாய்தான் மேடம். அதைத் திருப்பிக் கொடுங்க."

முதன்முறையாக அலுவலர் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றியது. "நிறுத்துற அதிகாரம் எனக்கு இல்லம்மா. முழுப் படம் இருந்தா கொடுங்க, மேல அனுப்புறேன்."

"அழிச்சுட்டேன்."

"அய்யய்யோ, ஏம்மா?"

மெயினை அணைத்த கதையை அவள் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் எங்கேனும் பதிவாகும்.

"அப்போ ஒரே வழிதான்" என்றார் அலுவலர். "அதுல ஒருத்தர் சிரிக்கிறார் இல்ல? அவர் யாரு? விசாரணைக்கு அவரை அழைச்சுட்டு வாங்க. அது கிண்டல்தான், அதனாலதான் சிரிச்சேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். ஆணையர் பதிவு பண்ணிக்கிட்டா, நான் அன்னிக்கே நிறுத்திடுவேன்."

அவளுக்கு உயிர் வந்தது. சாட்சி அழியவில்லை! அறுத்தவர்கள் அந்தச் சிரிப்பின் நுனியை விட்டுவிட்டார்கள். நுனி கையில் கிடைத்தால் போதும். எவ்வளவு சிக்கலான காயிலையும் அவள் பிரித்துவிடுவாள்.

அன்று மாலை அண்ணனிடம் கேட்டாள்.

"நடந்ததைத்தானே சொல்லணும்? சொல்றேன்" என்றார் அண்ணன்.

"அண்ணே, நான் நக்கல் பண்ணேன், நீ சிரிச்சே. அவ்வளவுதான். வளர்ச்சி, அது இதுன்னு போயிடாதே."

"அடப் போம்மா. என் தங்கச்சிக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

அண்ணி வாசலில் வந்து நின்று, "சொல்லுவாரு, சொல்லுவாரு. வழியில எவனும் மைக்கை நீட்டாம இருந்தா" என்றாள்.

விசாரணை மண்டபத்தில் மின்விசிறிகள் எல்லாம் புதியவை. தெருவே வந்திருந்தது. ஆணையர் கடுமையானவர் அல்லர்; மனுவைப் பொறுமையாகப் படித்தார், தலையசைத்தார், உங்கள் வலி புரிகிறது என்றார். பிறகு, "ஆனா உங்க தெருவிலேருந்தே வேற மாதிரியும் கேள்விப்படுறோமே" என்று சொல்லிப் பெரிய திரையில் அதை ஓட்டச் சொன்னார். அவள் முகம் சுவர் அளவுக்கு விரிந்தது. கூட்டம் தாங்கல! சிரிப்பு தொடங்கியது, அறுந்தது.

சைக்கிள் கடைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்தாள்.

"ஐயா, அது என் முகம், என் குரல். ஆனா என் பேச்சு இல்ல. நான் கிண்டலாச் சொன்னேன். கடை நல்லா இல்லைங்க ஐயா. கேட்டுப் பாருங்க, அந்தச் சிரிப்பு எங்க அண்ணன் சிரிப்பு. நான் ஏன் சொன்னேன், அவர் ஏன் சிரிச்சார்னு அவரே சொல்லுவார்."

அண்ணன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒலிவாங்கி அவர் முன் வந்தது. முதலில் அதைத்தான் பார்த்தார், தங்கையைப் பார்க்கவில்லை.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று ஆணையர் கேட்டார்.

"உதிரிபாகக் கடைங்க."

"திட்டத்தால உங்களுக்கு பாதிப்பு உண்டா?"

எளிய கேள்வி. ஆம் என்றால் முடிந்தது. ஆனால் அந்த ஓர் ஆம் தனியாக வராதே! அதன் பின்னாலேயே ஒவ்வொரு காலையும் தெருவுக்கு ஒப்பித்த விவாதங்கள் சரியும். 'காசு சுத்தி நம்மகிட்டத்தான் வரும்' என்று அண்ணியிடம் அடித்துச் சொன்னதெல்லாம் சரியும். கல்லாவின் முன் உட்கார்ந்து காத்திருந்த பகல்களெல்லாம் வெறும் பகல்களாகிவிடும். வறுமையை மனிதன் தாங்குவான். தான் ஏமாந்தவன் என்பதைத் தாங்கமாட்டான். அண்ணன் ஒலிவாங்கியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார்.

"பாதிப்புன்னு இல்லைங்க. மாற்றம்னு வர்றப்போ முதல்ல கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

"நீங்க மனுவில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அது தெருவுக்காகப் போட்டதுங்க. திட்டம் நல்ல திட்டம்தாங்க."

மண்டபத்தில் எவரோ "பொருளாதாரம் ஆரம்பிச்சுருச்சுடா" என்றார். மெல்லிய நகைப்பு எழுந்தது. அண்ணன் காது சிவந்தது.

"அந்தச் சிரிப்பு உங்களோடதா?"

"என்னோடதுதாங்க."

"ஏன் சிரிச்சீங்க?"

"அண்ணே" என்றாள் அவள், மெல்ல.

அண்ணன் திரையைப் பார்த்தார். அதில் அவர் தங்கை வாய் மலர்ந்து உறைந்து நின்றாள். அந்த மதியத்தை அவர் தேடினார் என்பது அவளுக்குத் தெரிந்தது. நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது. தேடிக் கிடைத்ததை எடுத்துச் சொன்னார்.

"சந்தோஷத்துலதாங்க."

அவர் பொய் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். கண்ணைப் பார்த்தாள், அதில் பொய் இல்லை. அவர் அதை நம்பினார். விளம்பரத்தில் அறுத்ததைப்போலவே அவருக்குள்ளும் ஏதோ ஒன்று அடுத்த சொல்லை அறுத்து எறிந்துவிட்டது. தையல் தெரியாமல் ஒட்டியும் விட்டது. அங்கே போய்ப் பிரித்துப் புதுக்கம்பி சுற்ற எந்தக் காயில்காரியாலும் ஆகாது.

ஆணையர் ஏதோ எழுதச் சொன்னார். அவள், "ஈ ஓட்டுறேங்க ஐயா, நெசமா ஈதான் ஓட்டுறேன்" என்றாள். "அம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு" என்று ஆணையர் சிரித்தார். மனு 'பயனடைந்தோரின் கருத்தையும் கருத்தில்கொண்டு' தள்ளுபடியாயிற்று. படியிறங்கும்போது சைக்கிள் கடைக்காரர் திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. "வர்றேம்மா" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

அதன் பிறகு மெய்யாகவே கூட்டம் வந்தது. விளம்பரம் பார்த்தவர்கள் கடையைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் விசிறி இல்லை, மிக்சி இல்லை, கைப்பேசி இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "ஒரு தடவை சொல்லுங்கக்கா, அந்தக் கூட்டம் தாங்கல!" என்றார்கள். பூட்டுக் கடைக்காரர் தன் கடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அவளுக்கு மட்டும் கூட்டம்!

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள், மூடினாள். வேண்டாம் என்பதை வெட்டி வேண்டும் என்று ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்? அழுதால் ஆனந்தக் கண்ணீர். திட்டினால் உரிமையான பேச்சு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அடக்கம். தன்னிடமிருந்து எது வெளியே போனாலும் அது திரும்பி வரும்போது வேறொருத்தியாக வரும் என்று கண்டாள். ஆகவே ஒன்றும் செய்யவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல், எவரும் கொடுக்காத ஒரு காயிலைச் சுற்றத் தொடங்கினாள். கைப்பேசிகள் அவளையே பார்த்து நின்றன, பிறகு போயின.

மறுநாள் காலை அண்ணன் ஓடிவந்தார். உதிரிபாகக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது; சில நாளாகவே அவர் அதைப் பாதிதான் ஏற்றுகிறார். "பாத்தியா, பாத்தியா!" என்று கைப்பேசியை மேசையில் வைத்தார்.

திரையில் அவள் தலைகுனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். மெல்லிய இசை. கீழே எழுத்துகள்: 'மகிழ்ச்சியில் பேச்சே வரவில்லை! ஓய்வின்றி உழைக்கும் நம் அக்கா.'

"எத்தனை பேரு பாத்திருக்காங்க பாரு! எல்லாரும் வாழ்த்துறாங்க" என்றார் அண்ணன்.

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். சுற்றின் நடுவே வைத்தாள்.

"அண்ணே, உன்னை ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு இந்த முக்காலியில உக்காந்து ஏண்ணே சிரிச்சே?"

அண்ணன் வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், வாசலுக்கு அப்பால் பாதி ஏறிய தன் ஷட்டரைப் பார்த்தார். எங்கோ ஒரு நுனி அவர் கையில் தட்டுப்பட்டதுபோல் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஓர் ஈ வந்து கைப்பேசியில், திரையில் இருந்த அவள் முகத்தின்மேல் உட்கார்ந்தது.

அண்ணன் அதைக் கையால் ஓட்டினார்.

"முகம் மறைக்குது பாரு" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார்.